ஜூடோ கேமில் பத்து நொடியில் விழுகிற தம்பிக்கு

பாம்பன் பக்கத்து மண்டபம் ஊரிலிருந்து ஒரு தம்பி கேட்ட கேள்வி இது: "அண்ணே, மாமா பையன் தன் பழைய ப்ளேஸ்டேஷனை எனக்குக் கொடுத்தான், டோக்கியோ 2020 ஒலிம்பிக் கேம் அதில் இருக்கிறது. ஓட்டம், நீச்சல், டேபிள் டென்னிஸ் எல்லாம் சமாளிக்கிறேன். ஜூடோவில் மட்டும் பத்து நொடிகூட நிற்க முடியவில்லை. எல்லாப் பட்டனையும் வேகமாகத் தட்டியும் பார்த்துவிட்டேன். நிஜ ஜூடோ தெரிந்தால்தான் இதை ஆட முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?"

தம்பி, நிஜ ஜூடோ தெரியவேண்டிய அவசியம் இல்லை. ஆனால் ஜூடோவில் ஒருவன் எதனால் விழுகிறான் என்பது தெரிந்திருக்கவேண்டும், அது தெரியாமல் நீ எந்த ஜூடோ கேமை எடுத்தாலும் இதே கதைதான். நான் மதுரையில் படித்த நாலு வருஷமும் ஜூடோ பழகினேன், இப்போது பாம்பனில் சாயங்கால வேளையில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு மணலில் விழக் கற்றுக்கொடுக்கிறேன், கேமும் அதற்கு முன்பிருந்தே ஆடுகிறேன். இரண்டு பக்கமும் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுமையாகப் படி.

முதலில் அந்தத் தட்டுகிற பழக்கம். ஓட்டப்பந்தயத்துக்கு விரல் வேகம் உதவும், அந்தப் பழக்கத்திலேயே ஜூடோவுக்கும் வந்திருக்கிறாய். 'ஹாஜிமே' (தொடங்கு) என்று நடுவர் சொன்ன உடனே நீ தூக்கப் பார்க்கிறாய், எதிராளி இரண்டு காலையும் ஊன்றி நேராக நிற்கிறான், தூக்க வராது, அந்தத் தோல்வியில் உன் உடம்புதான் வளைந்து போகிறது, அவன் உன்னை எடுத்துப் போட்டுவிடுகிறான். பத்து நொடிக் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

நாட்டுப்படகைத் தண்ணீரில் இறக்குகிறபோது கூட நின்று தள்ளியிருக்கிறாயா? கரைதட்டிக் கிடக்கும்போது ஆறு பேர் தோளைக் கொடுத்தாலும் அசையாது, மூச்சு வாங்குவதுதான் மிச்சம். பின்பக்கம் நிற்கிற பெரியவர் ஒன்றும் செய்யாமல் கடலையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு அலை வந்து முன்பக்கத்தை ஒரு சாண் தூக்கும், அவர் 'ம்ம், இப்ப' என்பார், எல்லாரும் ஒரு தள்ளுத் தள்ளினால் அத்தனை பெரிய படகு வழுக்கிக்கொண்டு போய்விடும். அலை இறங்கிய பிறகு தள்ளினால் திரும்பவும் ஒட்டிக்கொள்ளும். நான் சின்ன வயதில் எங்கள் சித்தப்பாவின் படகைத் தள்ளப் போய் அலைக்கு முந்திக்கொண்டு தள்ளி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டிருக்கிறேன். ஜூடோவில் அந்த அலைக்குப் பெயர் கூசுஷி. எதிராளியின் நிலை குலைவது. குலைத்த பிறகு உள்ளே நுழைந்து இடம் பிடிப்பது ட்சுக்குரி, கடைசியாக எறிவது காக்கே. மூன்றும் இந்த வரிசையில்தான். நீ மூன்றாவதில் ஆரம்பிக்கிறாய்.

1882-ல் டோக்கியோவில் ஒரு கோயிலில் பன்னிரண்டு பாய் விரித்து ஜூடோவைத் தொடங்கிய கானோ ஜிகோரோவே இதைத் தாமதமாகத்தான் கண்டுகொண்டார். தன்னைவிட வயதில் மூத்த, அனுபவசாலியான ஆசிரியர் ஈக்குபோவிடம் பல நாள் எறியப்பட்டுக்கொண்டிருந்தவர், ஒரு கட்டத்தில் முதலில் ஆளின் நிலையைக் குலைத்துவிட்டு அப்புறம் நுழைந்தால் ஆசிரியரையே எறிய முடிகிறது என்று பார்த்தார். ஆசிரியரின் பலமும் குறையவில்லை, கானோவின் பலமும் கூடவில்லை.

இதில் கேம் ஆடுகிறவனுக்கு வசதியான ஒரு விஷயம் இருக்கிறது. கூசுஷிக்கு ஜூடோவில் எட்டுத் திசை சொல்வார்கள்: முன், பின், இடம், வலம், அப்புறம் நாலு மூலை. உன் கையில் இருக்கிற கன்ட்ரோலரின் குச்சியைப் பார், அதையும் அந்த எட்டுத் திசைக்கும் தள்ளலாம். சில ஜூடோ கேம்களில் அந்தக் குச்சி உன் ஆளை நடக்கவைப்பதற்கு மட்டும் இல்லை, பிடித்திருக்கிற எதிராளியை இழுப்பதும் தள்ளுவதும் அதுதான். கேமுக்குக் கேம் பட்டன் மாறும், அதனால் எந்தப் பட்டன் என்று நான் சொல்லப்போவதில்லை, மெனுவில் இருக்கிற செய்முறையை ஒருமுறை நிதானமாகப் பார்த்துக்கொள். ஆனால் இன்றைக்கு ராத்திரி ஒரு காரியம் செய். பயிற்சிப் பகுதிக்குப் போய், எறிகிற பட்டன் பக்கமே விரலைக் கொண்டுபோகாமல், கால் மணி நேரம் எதிராளியைப் பிடித்து எட்டுப் பக்கமும் இழுத்துத் தள்ளி மட்டும் பார். எந்தப் பக்கம் இழுத்தால் அவன் எந்தக் காலை எடுத்து வைக்கிறான், தள்ளினால் எப்போது எதிர்த்துத் தள்ளுகிறான் என்று கவனி. இது சலிப்பாக இருக்கும். இருந்தாலும் செய். என்னிடம் மணலில் பழக வருகிற பிள்ளைகளையும் முதல் வாரம் சட்டையைப் பிடித்துக்கொண்டு நடக்க மட்டும்தான் விடுகிறேன்.

கண் எங்கே இருக்கவேண்டும் என்பது அடுத்தது. புதிதாக ஆடுகிற எல்லாரும் திரையின் மேலே ஓடுகிற கடிகாரத்தையும் புள்ளியையும் பார்க்கிறார்கள், இல்லையென்றால் தன் ஆளையே பார்க்கிறார்கள். நீ எதிராளியின் இடுப்பிலிருந்து கீழே பார். தெயாஷி பராய் என்று ஒரு காலடி இருக்கிறது, முன்னே வைக்கிற பாதம் தரையில் பதிகிற, ஆனால் உடம்பின் எடை இன்னும் முழுசாக அதன்மேல் இறங்காத அந்தக் கணத்தில் உள்ளங்காலால் ஒரு பெருக்குப் பெருக்குவது. ஒரு கணம் முந்தினால் அவன் காலைத் தூக்கிக்கொள்வான், பிந்தினால் தூணை உதைத்த மாதிரி உன் கால்தான் வலிக்கும். கேமில் வலி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பிடிப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீ சொன்ன பத்து நொடி முழுக்க அதிலேயே போகவேண்டியது. நிஜப் போட்டியைப் பார், ஆரம்பத்தில் இருவரும் ஒருவர் கையை ஒருவர் தட்டிவிட்டுக்கொண்டே இருப்பார்கள். தெரியாதவர்களுக்குச் சண்டை இன்னும் தொடங்கவில்லை என்று தோன்றும். அங்கேதான் பாதிச் சண்டை நடக்கிறது. சட்டையின் கழுத்துப் பட்டியும் கைப்பகுதியும் யார் கைக்கு முதலில் வசமாக வருகிறதோ, இழுக்கிற உரிமை அவனுக்கு. கேமில் இந்தக் கட்டம் தனியாக இருந்தால் அதைத் தாண்டிப் போக அவசரப்படாதே. நல்ல பிடி கிடைக்கவில்லை என்றால் விட்டு விலகித் திரும்பப் பிடி. மோசமான பிடியில் எறியப் போவதைவிட அது எவ்வளவோ மேல்.

அதற்காகப் பிடித்துக்கொண்டு சும்மாவே நிற்கவும் கூடாது. ஜூடோவில் தாக்காமல் ஒதுங்கிக்கொண்டே இருந்தால் ஷிதோ என்று எச்சரிக்கை கொடுப்பார்கள், மூன்று ஷிதோ வாங்கினால் ஆட்டம் போச்சு. ஒரு ஆட்டம் 4 நிமிடம், அதற்குள் முடியவில்லை என்றால் கோல்டன் ஸ்கோர், அதாவது முதலில் புள்ளி எடுப்பவனுக்கு வெற்றி, அதற்கு நேர வரம்பு கிடையாது. புள்ளிக் கணக்கும் சுருக்கமாகச் சொல்கிறேன்: வேகமும் பலமும் கட்டுப்பாடும் சேர்ந்து முதுகு முழுசாகத் தரையில் படும்படி எறிந்தால் இப்பொன், அதோடு ஆட்டம் முடிந்தது. அதில் ஏதோ ஒன்று குறைந்தால் வாசாஅரி, இரண்டு வாசாஅரி சேர்ந்தால் இப்பொன். 2025-ல் யூகோ என்கிற சின்னப் புள்ளியைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள், 2017-ல் எடுத்தது. உன் கேம் அந்த இடைவெளியில் வந்தது, அதனால் இப்போது யூடியூபில் பார்க்கிற ஆட்டத்தில் யூகோ என்று வந்தால் குழம்பிக்கொள்ளாதே. இன்னொன்று, பழைய வீடியோக்களில் எதிராளியின் காலைக் கையால் வாரி எறிவதைப் பார்ப்பாய். 2010-லிருந்து படிப்படியாக அதைத் தடைசெய்துவிட்டார்கள். புது விதியை வைத்துச் செய்த கேமில் அதைத் தேடாதே.

இப்போது எறிதலுக்கு வருகிறேன். ஜூடோவின் பழைய அடிப்படைப் பட்டியலிலேயே நாற்பது எறிதல் இருக்கிறது, கேமிலும் அவற்றில் சில இருக்கும். உனக்கு இரண்டு போதும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் இருக்கவேண்டும், அதுதான் முக்கியம். கோஉச்சி கரி என்பது எதிராளியின் காலை உட்பக்கமாக அரிந்து பின்னால் சாய்ப்பது. செயோய் நாகே என்பது முதுகில் ஏற்றி முன்னால் எறிவது. நீ கோஉச்சிக்குப் போகிறாய், அவன் பின்னால் சாயக்கூடாது என்று உடம்பை முன்னுக்குத் தள்ளுகிறான், அந்தத் தள்ளலே உனக்கு அலை, திரும்பி முதுகைக் கொடுத்து எறி. முதல் தாக்குதல் புள்ளி வாங்குவதற்கு இல்லை, அவனை எதிர்க்கவைப்பதற்கு. உன் கேமில் இந்தப் பெயர்கள் வரவில்லை என்றாலும் பரவாயில்லை, பின்பக்கம் சாய்க்கிற ஒன்று, முன்பக்கம் தூக்குகிற ஒன்று எதுவென்று பார்த்து எடுத்துக்கொள். இரண்டையும் தனித்தனியாக ஐம்பது தடவை, அப்புறம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதை ஐம்பது தடவை. ஒரு வாரம் இதை மட்டும் செய். மூன்றாவது எறிதல் கண்ணில் பட்டாலும் தொடாதே. என்னோடு பழகிய ஒரு பையன் நாலு வருஷத்தில் முப்பது எறிதல் கற்றான், போட்டியில் ஒன்றும் கைக்கு வரவில்லை. இன்னொருவன் செயோய் நாகேயும் அதற்கு முன்னால் வைக்கிற கோஉச்சியும் மட்டும் வைத்துக்கொண்டு மாவட்ட அளவில் எல்லாரையும் போட்டான், அவன் என்ன செய்யப்போகிறான் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும், தெரிந்தே விழுந்தோம்.

அடுத்து நீ சொல்லாத, ஆனால் உனக்கு நடந்துகொண்டிருக்கிற விஷயம்: தப்பான எறிதலுக்குத் தண்டனை உண்டு. தாக்குகிறவன் ஒற்றைக் காலில் நிற்கிறான், அல்லது முதுகைக் காட்டுகிறான், அந்த அரைநொடியில் அவன்தான் மிகவும் பலவீனமானவன். 2000 சிட்னி ஒலிம்பிக் அதிக எடைப் பிரிவு இறுதிப் போட்டியை முடிந்தால் தேடிப் பார். பிரான்சின் டேவிட் டூயே உச்சி மாத்தாவுக்கு, அதாவது எதிராளியின் உள்தொடையில் காலை வீசித் தூக்கி எறிகிற எறிதலுக்கு, காலை உள்ளே விடுகிறார், ஜப்பானின் ஷினோஹாரா தன் காலை ஒதுக்கி அந்த வீச்சை வெற்றிடத்தில் போகவிட்டு அவரையே திருப்புகிறார். இருவரும் சேர்ந்தே விழுந்தார்கள், நடுவர்கள் புள்ளியை டூயேவுக்குக் கொடுத்தார்கள், தங்கமும் அவருக்கே போனது, அந்தத் தீர்ப்பைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறார்கள். தீர்ப்பு கிடக்கட்டும், ஷினோஹாரா செய்ததை மட்டும் மெதுவாக ஓட்டிப் பார். அவர் தடுக்கவே இல்லை. ஒதுங்கினார், அவ்வளவுதான். பின்னால் டூயே பெயரிலேயே ஒரு ஜூடோ கேமும் வந்தது.

அதனால் கம்ப்யூட்டரோடு ஆடும்போது ஒரு பத்து ஆட்டம் நீ தாக்கவே தாக்காதே. ஷிதோ வாங்கித் தோற்றாலும் சரி. எதிராளி எறிய வரும்போது அவன் உடம்பில் எந்த அசைவு முதலில் தெரிகிறது என்று மட்டும் பார்த்துத் தடு. அது பழகிய பிறகு பத்து நொடி இரண்டு நிமிடம் ஆகிவிடும், நீயே பார்ப்பாய்.

தரைப் பிடிப்பை நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். கேமில் அந்தக் கட்டம் இருந்தால் அங்கே எளிதாகப் புள்ளி கிடைக்கும். ஆளை மல்லாக்கப் போட்டு 20 நொடி அழுத்தி வைத்தால் அதுவும் இப்பொன்தான், எறிதலுக்கு ஒரு அணுவும் குறைந்ததில்லை. 1964 டோக்கியோவில், ஜூடோ முதன்முதலாக ஒலிம்பிக்கில் வந்தபோது, திறந்த எடைப் பிரிவில் ஹாலந்தின் ஆன்டன் ஹேசிங்க் ஜப்பானின் காமினாகாவை ஜெயித்தது எறிந்து இல்லை, கெசா கதாமே என்கிற அழுத்துப் பிடியில். ஒரு கையால் கழுத்தைச் சுற்றி, பக்கவாட்டில் உட்கார்ந்து நெஞ்சின்மேல் சாய்வது. சொந்த மண்ணில், சொந்த விளையாட்டில், அத்தனை ஜப்பானியர் பார்க்க. ஜெயித்த நொடியில் ஹாலந்துக்காரர்கள் கொண்டாட மேடைக்கு ஓடிவர, ஹேசிங்க் படுத்த இடத்திலிருந்தே கையை உயர்த்தி 'வராதீர்கள்' என்று தடுத்தார். தோற்றவருக்குக் கொடுத்த அந்த மரியாதைக்காகவே அவரை எனக்கு மிகவும் பிடிக்கும். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஜூடோ கேம் என்று தனியாக அதிகம் கிடையாது. 1980களில் கமடோர் 64-க்கு உச்சி மாத்தா என்ற பெயரிலேயே ஒன்று வந்தது, 1972 மியூனிக்கில் வெண்கலம் வாங்கிய பிரிட்டன் வீரர் பிரையன் ஜாக்ஸ் பெயரைப் போட்டு விற்றார்கள். ஆனால் சண்டைக் கேம்களுக்குள் ஜூடோக்காரர்கள் ஒளிந்திருக்கிறார்கள், அவர்களை வைத்துப் பழகுவது நல்ல பயிற்சி. நான் ராமநாதபுரத்தில் பள்ளியில் படிக்கும்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த ஒரு பிரவுசிங் சென்டரில் கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 97 ஆடுவோம். எல்லாப் பையன்களும் நெருப்பு விடுகிற ஆளை எடுப்பார்கள், நான் மரக்கட்டைச் செருப்புப் போட்ட கோரோ தைமோனை எடுப்பேன். தூரத்திலிருந்து அவனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது, அடி வாங்கி வாங்கி, உருண்டு கிட்டே போய், ஒரே ஒரு பிடி. அந்த உருளலுக்கு அவனுடைய பட்டியலில் ஒரு தனி அசைவே உண்டு, அடிபடாமல் விழுவதைக் குறிக்கிற உகேமி என்ற ஜூடோச் சொல்தான் அதன் பெயரிலும் இருக்கிறது. கிட்டே போக எத்தனை அடி தாங்கலாம், எப்போது தாங்கக்கூடாது என்ற கணக்கை எனக்குச் சொல்லிக்கொடுத்தது தைமோன்தான். இப்போது போனில் அதே கேமை ஆடுகிறார்கள், ஆனால் பிடிக்குத் தேவையான அரைவட்டத்தைக் கண்ணாடியில் வியர்வை விரலால் சரியாகப் போடுவது கஷ்டம், முடிந்தால் கன்ட்ரோலர் சேர்த்துக்கொள். டெக்கன் கிடைத்தால் பால் ஃபீனிக்ஸை எடு, அவனுடைய சண்டை முறைக்கு அடிப்படை ஜூடோ. டெக்கனில் இன்னொரு பாடமும் இருக்கிறது: பிடிக்க வருகிறவனின் எந்தக் கை முன்னால் நீள்கிறது என்று பார்த்து அதற்கேற்ற பட்டனை அழுத்தினால்தான் பல பிடிகளிலிருந்து தப்பலாம். இடது கை, வலது கை, அல்லது இரண்டும். கண்ணைப் பழக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

நம்ம ஊருக்கு என்றே ஒன்று சொல்லவேண்டும். உன் ப்ளேஸ்டேஷன் பழையது என்கிறாய், கன்ட்ரோலரும் பழையதாகத்தான் இருக்கும். வாடைக்காற்றோ கச்சானோ எதுவானாலும் இங்கே காற்றில் உப்பு இருக்கிறது, கச்சான் அடிக்கும்போது மணலும் சேர்ந்து வரும். குச்சியின் அடியில் அது போய்ச் சேர்ந்தால், நீ தொடாமலே குச்சி ஒரு பக்கம் இழுக்கும். மற்ற கேமில் அதை உணரமாட்டாய், ஜூடோவில் அது உன் ஆளைத் தானாகவே ஒரு பக்கம் சாய்த்துவிடும், நீ உன்னையே குறை சொல்லிக்கொண்டிருப்பாய். கையை எடுத்துவிட்டு உன் ஆள் அசையாமல் நிற்கிறானா என்று முதலில் பார். நகர்ந்தால், மின்சாதனத்துக்கு என்று விற்கிற கிளீனரை ஒரு சொட்டு விட்டுக் குச்சியைச் சுற்றிச் சுற்றி விட்டுப் பார், சரியாகவில்லை என்றால் குச்சியை மட்டும் மாற்றித் தருவார்கள். ஆடி முடித்ததும் ஜிப் வைத்த பையில் போட்டு வை, நான் சமையலறையில் உப்பு நமுத்துப்போகாமல் வைக்கிற டப்பாவில் வைக்கிறேன். டிவியின் அமைப்பில் கேம் மோட் என்று இருந்தால் அதையும் போட்டுவிடு. படத்தை அழகாக்க டிவி எடுத்துக்கொள்கிற நேரத்தில் நீ அழுத்தியது தாமதமாகத்தான் திரையில் தெரியும், தெயாஷி பராய்க்கு அந்தத் தாமதம் தாங்காது.

விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரைக்கும், உன் வீட்டில் விசைப்படகில் போகிறவர்கள் அப்போது கரையில்தான் இருப்பார்கள், உன் மச்சானோ சித்தப்பா பையனோ கூட உட்கார்ந்து ஆடட்டும். கம்ப்யூட்டர் ஒரே மாதிரி ஏமாறும், மனுஷன் ஒரு தடவை ஏமாந்தால் அடுத்த தடவை காத்திருப்பான், நீ உண்மையில் கற்றுக்கொள்வது அவனிடம்தான். ஆனால் கேமில் பார்த்த எறிதலை அவன்மேல் திண்ணையிலோ சிமென்ட் தரையிலோ செய்து பார்க்கவே பார்க்காதே. இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். விழத் தெரியாதவனை எறிந்தால் கழுத்தும் மணிக்கட்டும்தான் முதலில் போகும். அலை நனைத்த மணல்கூடத் தரை மாதிரி இறுகித்தான் இருக்கும். செய்து பார்க்க ஆசையிருந்தால் ஞாயிற்றுக்கிழமை வெயில் இறங்கியதும் பாம்பனுக்கு வா, மேட்டுப் பக்கம் காய்ந்த மணலில் முதலில் விழக் கற்றுக்கொள்ளலாம்.

ஒரு வாரம் கழித்து எந்த இரண்டு எறிதலை எடுத்துக்கொண்டாய், எதில் மாட்டிக்கொள்கிறாய் என்று எழுது. முடிந்தால் நீ தோற்ற ஒரு ஆட்டத்தைப் போனில் படமெடுத்து அனுப்பு, ஜெயித்தது வேண்டாம்.